செடி கொடி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கேமரன் மலையிலிருந்து வாங்கி வந்த தொட்டிச் செவ்வந்தி, இருந்த பூக்கள் வாடிய பிறகு இலையும் தண்டுமாகத் தழைக்கிறதே தவிர, எட்டு மாதமாக ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. உரம் போதவில்லையா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: தொட்டி வாசலில், இரவெல்லாம் எரியும் விளக்குக்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அம்மா. செவ்வந்திக்கு நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இரவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில் இருக்கும் பினாங்கில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான் என்பதால், விளக்கு இல்லாவிட்டால் அது எந்த மாதத்திலும் பூக்க ஆயத்தமாகிவிடும். சிறு செடியாக இருக்கும்போதே அப்படிப் பூத்துவிட்டால் விற்பனைக்கு ஆகாது என்றுதான், கேமரன் மலைத் தோட்டக்காரர்கள் பிளாஸ்டிக் கூரைக்குள் இரவில் விளக்கெரித்து, தண்டு உயர்ந்த பிறகு அணைக்கிறார்கள். உங்கள் வாசல் விளக்கு அணைக்கப்படாமலேயே இருந்தால், மொட்டு வைக்காததன் காரணம் அதுதான். தொட்டியை இருட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஆனாலும் இங்குள்ள வெயிலில் மொட்டு தாமதமாகத்தான் வரும்; மலையில் பார்த்த பூவின் அளவையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவின் அங்சானா மரத்தில் ஒட்டி வளரும் வெள்ளை ஆர்க்கிட் ஒரு நாள் காலையில் கொத்துக் கொத்தாகப் பூத்து, மறுநாளே வாடிவிட்டது. தஞ்சோங் தோக்கோங்கில் இருக்கும் என் அக்கா வீட்டருகிலும் அதே நாளில்தான் பூத்ததாம். பேசி வைத்துக்கொண்டதுபோல் எப்படிப் பூக்கின்றன?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: நீங்கள் பார்த்தது புறா ஆர்க்கிட். அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடும். வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை வெப்பத்தைச் சட்டென்று 5 பாகை அளவுக்கு இறக்கினால், அந்தக் குளிர்ச்சியே அவற்றை எழுப்பும் அடையாளம். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள் மலர்கின்றன. ஒரே மழையில் நனைந்த செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூப்பதன் காரணம் இதுதான். ஒரு நாளே வாழும் பூவுக்கு இது உயிர்ப் பிரச்சினை: தனியாக மலர்ந்தால், தேனீ வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க வாய்ப்பே இருக்காது. மின்விசிறியை நிறுத்தத் தோன்றும் அளவுக்கு மழை குளிர்ந்த நாளிலிருந்து எண்ணி, நாள்காட்டியில் ஒன்பதாம் நாளை வட்டமிட்டு வையுங்கள். நானும் வட்டமிடுவதுண்டு; இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன், பலித்த நாள்களில் தெருவே மணந்தது. மண்ணில்லாத மரப்பட்டையில் வாழ்வதால், மழையில்லாத நாள்களுக்கான நீரை அது தன் தடித்த தண்டுகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. விதையோ தூசிபோல நுண்ணியது, உள்ளே உணவுச் சேமிப்பு இல்லாதது; பட்டையில் உரிய பூஞ்சை துணைக்குக் கிடைத்தால்தான் முளைக்கும்.

கேள்வி: பாலேக் பூலாவ் கரையோரத்துப் பாக்காவ் (அலையாத்தி) மரங்களில் முருங்கைக்காய்போல் தொங்குவது காயா?
– மாணவி, பாயான் லெப்பாஸ்

பதில்: காய் அன்று, கன்று. நல்ல கேள்வி கேட்டீர்கள். உப்பு நீரும் அலையும் உள்ள சேற்றில் இளம் விதை பிழைப்பது கடினம் என்பதால், பாக்காவின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, கோல்போல் நீண்ட பிறகே விழுகிறது. நீர் வற்றிய நேரமாக இருந்தால் சேற்றில் செருகி நிற்கும். இல்லாவிட்டால் வாரக்கணக்கில் மிதந்து, ஒதுங்கிய இடத்தில் வேர் விடும்.