பார்க்கின்சனுக்கு மூச்சில் இழுக்கும் லெவோடோப்பா: உங்கள் கேள்விகள்

மூளையில் டோபமைனாக (உடல் அசைவுக்கு வேண்டிய ரசாயனம்) மாறும் லெவோடோப்பா மருந்தைப் பொடியாக மூச்சில் இழுக்கும் இன்பிரிஜா இன்ஹேலர் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் மருந்தகத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. அளவை மாற்றுவதென்றால் உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

மதியம் மாத்திரை போட்டும் அப்பா ஒரு மணி நேரம் அசைய முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார். இன்ஹேலர் வந்துவிட்டால் மாத்திரையைக் குறைக்கலாமா அக்கா?

கூடாது. நிறைய பேர் இங்கேதான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பார்க்கின்சனில் வயிறே மெதுவாகத்தான் காலியாகும், அதனால் மாத்திரை குடலுக்குப் போய்ச் சேர நேரமாகிறது, போதாக்குறைக்குப் பருப்பு, தயிர், கறி என்று புரதம் நிறைய சாப்பிட்டிருந்தால் அதுவும் லெவோடோப்பாவோடு போட்டி போடும். பொடி நுரையீரல் வழியாக நேராக ரத்தத்துக்குப் போவதால் இந்தச் சிக்கல் இல்லை. மாத்திரையின் பலன் விட்டுப்போகும் அந்த "ஆஃப்" நேரத்துக்கு என்றே 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் பொடியில் இருப்பது லெவோடோப்பா மட்டும்தான். அது மூளைக்குப் போகும் முன்பே சிதைந்துவிடாமல் காக்கிற கார்பிடோப்பா மாத்திரையிலிருந்துதான் வரவேண்டும். மாத்திரையைத் திடீரென்று குறைத்தால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் என்று ஆபத்தில் போய் முடியலாம்.

ஒரு கேப்ஸ்யூல் போதுமா? கேட்கவில்லை என்றால் மறுபடி இழுக்கலாமா?

ஒரு கேப்ஸ்யூல் 42 மில்லிகிராம், இரண்டு சேர்ந்தால்தான் ஒரு டோஸ், 84. ஒரு ஆஃப் நேரத்துக்கு ஒரு டோஸ் மட்டும், கேட்கவில்லை என்று அதே ஆஃபுக்கு இரண்டாவது டோஸ் வேண்டாம். நாளுக்கு அதிகபட்சம் 5 டோஸ். தினமும் அந்த ஐந்தையும் தொடுகிறீர்கள் என்றால் மாத்திரை நேரங்களையே மாற்ற வேண்டியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாமனாருக்குக் கை நடுங்குகிறது. ஒருமுறை கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டார். வேலைக்குப் போகும் முன் நானே இன்ஹேலரில் போட்டு வைத்துவிடலாமா?

போட்டு வைக்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் பொடி கெட்டுவிடும், அதனால் இழுக்கும் நேரத்தில்தான், நன்றாகத் துடைத்த கையால், அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். ஆஃபில் கை ஒத்துழைக்காது என்பதால் கூட இருப்பவர் போட்டுக் கொடுப்பதே நல்லது, பகலில் யார் இருப்பார்கள் என்பதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். இன்ஹேலருக்குள் ஊதாமல் மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லுங்கள், அப்புறம் உதட்டை இறுக்கி மூடி நுரையீரல் நிறைய இழுத்து, 5 விநாடி அடக்கி, பிறகு விடலாம். உள்ளே கேப்ஸ்யூல் கிறுகிறுவென்று சுழலும் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் இன்னும் ஆழமாக, நீளமாக இழுக்க வேண்டும். விழுங்கக் கூடாது என்பதை அவர் மறந்துபோகிறார் என்றால் கேப்ஸ்யூல் அட்டையை மாத்திரை டப்பா பக்கமே வைக்காதீர்கள். இன்ஹேலரைத் தண்ணீரில் கழுவவும் வேண்டாம்.

அம்மாவுக்கு வீசிங் உண்டு. பரவாயில்லையா?

ஆஸ்துமா, சிஓபிடி மாதிரி நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் இது வேண்டாம், மூச்சுக்குழாய் திடீரென்று சுருங்கிவிடலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வீசிங் இல்லாதவருக்கும் இழுத்த பிறகு மூச்சு இறுகினால் 911தான்.

இழுத்தாலே இருமல். சளியும் கறுப்பாக வருகிறது.

ஆய்வில் 100 பேரில் 15 பேருக்கு இருமல் வந்தது. சளி நிறம் மாறுவதும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இருமலால் பொடி உள்ளே போகவே இல்லை என்று தோன்றினால் கையோடு இன்னொன்றை எடுக்காமல் மருந்தகத்துக்குக் கூப்பிடுங்கள்.

அப்பா சென்னையிலிருந்து வந்திருக்கிறார், சிண்டோப்பா சாப்பிடுகிறார். குமட்டலுக்குப் பெரினார்ம் கையில் வைத்திருக்கிறார்.

சிண்டோப்பாவும் லெவோடோப்பா, கார்பிடோப்பாதான், அதில் பிரச்சினை இல்லை. பெரினார்மைத்தான் தூக்கி ஓரம் வையுங்கள்! அது மெட்டோகுளோப்ரமைடு, டோபமைனையே தடுக்கும், பார்க்கின்சன் இன்னும் மோசமாகும். குமட்டலுக்கு வேறு மருந்து கேளுங்கள். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள், லெவோடோப்பா உடம்பில் சேர்வதை அது குறைக்கும். மனச்சோர்வுக்கு ஃபினெல்சின், டிரானில்சிப்ரோமின் எடுப்பவர்களும், நிறுத்தி இரண்டு வாரம் ஆகாதவர்களும் இதைத் தொடவே கூடாது. பார்க்கின்சனுக்கே கொடுக்கும் ரசாகிலின் அப்படியில்லை, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும்.

கம்பெனி திவாலாகிவிட்டதாமே?

இன்பிரிஜாவை விற்றுவந்த அகோர்டா 2024இல் திவால் மனு கொடுத்தது உண்மைதான். மருந்து மெர்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

இழுத்ததும் நன்றாக நடக்கிறேன். கார் ஓட்டலாமா?

லெவோடோப்பா எடுக்கிற சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல் அப்படியே தூங்கிவிடுவார்கள், நடக்க முடிகிறது என்பது அதற்கு உத்தரவாதம் இல்லை. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதோ சாப்பிடும்போதோ கண் அசந்திருக்கிறீர்களா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஆமாம் என்றால் டாக்டரைப் பார்க்கும்வரை ஓட்டாதீர்கள் சகோதரி.