8கே டிவி வேண்டுமா? வசனம் ஏன் கேட்பதில்லை? திரை, ஒலி பற்றிய கேள்வி-பதில்

வீட்டுத் திரையும் ஒலியும் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். ஒலி பற்றிய பதில் நீளமாகப் போயிருக்கிறது. அதிகம் பேர் கஷ்டப்படுவது அங்கேதான் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: எங்கள் சோபாவுக்கும் டிவிக்கும் 3 மீட்டர் தூரம். பழைய 55 இன்ச் டிவியை மாற்றப் போகிறோம். கடையில் 65 இன்ச் 8கே டிவியைக் காட்டி, பல வருஷம் கழித்தும் பழசாகாது என்கிறார்கள். ஏறக்குறைய அதே விலையில் 75 இன்ச் 4கே டிவியும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: 75 இன்ச் 4கே. யோசிக்கவே வேண்டாம்.

நல்ல பார்வை உள்ள கண்ணால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. 65 இன்ச் 4கே திரைக்கு இந்தக் கணக்கைப் போட்டால், சுமார் 1.3 மீட்டரைத் தாண்டியதுமே தனித்தனிப் புள்ளிகள் கண்ணுக்குக் கலந்துவிடுகின்றன. நீங்கள் உட்கார்வது 3 மீட்டரில். 4கே-யின் நுணுக்கமே முழுசாக வந்து சேராத தூரத்தில், அதைப்போல நான்கு மடங்கு புள்ளிகளுக்குப் பணம் கொடுத்து என்ன பயன்? சினிமா டிஸ்க்குகளும் 4கே-யோடு நிற்கின்றன. ஓடிடி தளங்களிலும் நல்ல தரம் என்றால் 4கே-தான்.

திரையின் அளவு அப்படியல்ல, உட்கார்ந்ததும் தெரியும். பார்வையில் சுமார் 30 பாகை அகலத்தைத் திரை நிரப்ப வேண்டும் என்பது சினிமாத் துறையில் புழங்கும் ஒரு கணக்கு. 3 மீட்டரில் அது கிட்டத்தட்ட 73 இன்ச்.

அளவை முடிவு செய்த பிறகு பார்க்க வேண்டியது கறுப்பு நிறம். எல்இடி டிவி என்று விற்பவை எல்சிடி திரைகள்தான். பின்னால் எரியும் விளக்கு மட்டும் எல்இடி. அந்தப் பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இல்லாவிட்டால், இரவுக் காட்சிகள் சாம்பல் பூசியதுபோல இருக்கும். ஓஎல்இடி-யில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கிற வீடு என்றால் ஓஎல்இடி-க்கு ஈடு இல்லை. பகல் வெளிச்சத்தில் செய்திச் சேனல் மணிக்கணக்காக ஓடும் வீட்டுக்கு, பின்னொளிக்கு மிகச் சிறிய எல்இடி விளக்குகளைப் பயன்படுத்தும் மினி எல்இடி பொருத்தம். அசையாத சின்னமும் எழுத்துப் பட்டையும் நாள் முழுக்க நின்றால் ஓஎல்இடி திரையில் அதன் தடம் நிரந்தரமாகப் பதிய வாய்ப்பு உண்டு.

கடையில் டிவி 'ஸ்டோர் மோட்' என்ற கண்ணைப் பறிக்கும் அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். அதை சினிமா மோடுக்கு மாற்றித் தரச் சொல்லி, இருட்டான காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பூவும் அருவியும் ஓடும் விளம்பரப் படத்தில் எல்லா டிவியும் அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: புது டிவியில் சினிமா போட்டால் சீரியல் மாதிரி இருக்கிறது. டிவியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. சினிமா வினாடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகிறது. டிவி இரண்டு பிரேம்களுக்கு இடையே தானாகக் கற்பனை செய்த பிரேம்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்குகிறது. செட்டிங்கில் 'மோஷன்' என்ற சொல்லோடு வரும் வசதியை அணைத்துவிடுங்கள். 2019-ல் அறிவிக்கப்பட்ட 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் டிவியில் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். விளையாட்டு பார்க்கும்போது வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். படம் எடுத்தவர்கள் பார்த்துப் பார்த்து அமைத்த தோற்றத்தை டிவி மாற்றுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

கேள்வி: வசனம் கேட்க வேண்டும் என்று சத்தம் வைத்தால், சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. குறைத்தால் பேசுவது புரியவில்லை. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். 2.1 சவுண்ட்பார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஓரளவு சரியாகும். ஆனால் பணம் செலவழிக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனித் தடம் உள்ள ஒலியில், வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பதிவாகிறது. உங்கள் டிவியில் நடு ஸ்பீக்கர் கிடையாது. இருப்பதும் மெல்லிய சட்டத்துக்குள் தரையையோ சுவரையோ பார்த்தபடி இருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள். ஆறு தடங்களையும் இரண்டில் திணிக்கும்போது இசையும் வெடிச் சத்தமும் வசனத்தோடு ஒரே இடத்தில் மோதுகின்றன.

ஆகவே முதலில், ஓடிடி ஆப்பில் ஒலித்தடப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 5.1 என்று இருந்தால் ஸ்டீரியோ தடத்துக்கு மாற்றுங்கள். பிறகு டிவியின் ஒலி அமைப்பில் 'நைட் மோட்' அல்லது குரலைத் தூக்கிக் காட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். நைட் மோட் பெரிய சத்தத்தை அடக்கி, சின்னச் சத்தத்தை உயர்த்தும். திரையரங்க அதிர்வு குறையும்தான். அம்மாவுக்கு வசனம் புரிவதுதான் முக்கியம் என்றால் அது பெரிய இழப்பில்லை.

இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால் சவுண்ட்பார். ஆனால் 2.1 அல்ல, 3.1 வாங்குங்கள். முதல் எண் காது மட்டத்தில் ஒலிக்கும் தடங்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது சப்வூஃபர், அதாவது தாழ்ந்த அதிர்வொலிக்கான ஸ்பீக்கர். மூன்றாவதாக ஒரு எண் இருந்தால் மேலிருந்து வரும் ஒலிக்கான ஸ்பீக்கர்கள். 2.1 வாங்கினால் இடது, வலது, கூடவே ஒரு சப்வூஃபர். அதாவது உங்களுக்குத் தொல்லை தருகிற அதிர்வுதான் கூடும். 3.1-ல் கூடுதலாக வரும் அந்த ஒன்றுதான் நடு ஸ்பீக்கர், வசனத்துக்கானது. பல மாடல்களில் அதன் சத்தத்தை மட்டும் தனியாகக் கூட்டலாம். உங்கள் வீட்டுக்குத் தேவைப்படுவது அதுதான்.

பெட்டியில் பெரிசாக அச்சடித்த வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச அளவை அங்கே போடுவது வழக்கமாகிவிட்டது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். அதிலும் வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப்பட ஏறத்தாழ 10 டெசிபல் ஏற வேண்டும்.

அப்புறம் அறை. வெறும் சுவரும் வழவழப்பான தரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடித்து வசனத்தைக் குழப்பும். சோபாவுக்கு முன்னால் கனமான விரிப்பும் ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலையும் போட்டுப் பாருங்கள். எளிய மாற்றம்தான், பலன் காதுக்கு உடனே தெரியும்.

கேள்வி: அட்மாஸ் சவுண்ட்பார் வாங்கினேன். டிவியில் ஆர்க் மட்டும் இருக்கிறது, இஆர்க் இல்லை. டிவியை மாற்றினால்தான் அட்மாஸ் வரும் என்கிறார்கள்.

பதில்: மாற்றத் தேவையில்லை. ஆர்க் என்பது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி, இஆர்க் அதன் மேம்பட்ட வடிவம். மேலிருந்தும் ஒலி வருவதுபோல உணரச் செய்யும் டால்பியின் அட்மாஸை, ஓடிடி தளங்கள் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில்தான் அனுப்புகின்றன. அது ஆர்க் வழியாகவே போகும். டிவியின் ஒலி வெளியீட்டை 'பாஸ்த்ரூ' அல்லது 'ஆட்டோ' என்று வையுங்கள். பிசிஎம் (டிவியே ஒலியைப் பிரித்துச் சாதாரண ஒலியாக அனுப்புவது) என்று இருந்தால் அட்மாஸ் வராது. சில டிவிகள் ஆர்க் இருந்தும் இந்த வடிவத்தைக் கடத்துவதில்லை. படம் ஓடும்போது சவுண்ட்பாரின் முகப்பில் அட்மாஸ் என்று காட்டுகிறதா என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். இணைப்புக்கு எச்டிஎம்ஐ கேபிளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆப்டிகல் கேபிளால் டால்பி டிஜிட்டல் பிளஸைக் கடத்த முடியாது.

இஆர்க் அவசியமாவது 4கே டிஸ்க்குகளில் இருக்கும், தரம் இழக்காமல் பதிவான ட்ரூஎச்டி ஒலிக்கு. அங்கும் வழி இருக்கிறது: சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்தால் டிஸ்க் பிளேயரை நேராக அதிலேயே செருகி, படத்தை மட்டும் டிவிக்கு அனுப்பலாம். மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பியவை. கூரை சரிவாகவோ மிக உயரமாகவோ இருந்தால் அட்மாஸ் என்று காட்டினாலும் மேலிருந்து வருகிற உணர்வு கிடைக்காது.

கேள்வி: விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிளில் படம் இன்னும் தெளிவாக வருமா?

பதில்: வராது. டிஜிட்டல் சிக்னல் சரியாக வந்தால் படம் முழுசாக வரும். கேபிள் தடுமாறினால் புள்ளி மின்னும் அல்லது திரை கறுத்துக் கறுத்து வரும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 60 பிரேம்) 'பிரீமியம் ஹை ஸ்பீட்', 120 ஹெர்ட்ஸ் கேம் ஆடினால் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்று லேபிள் உள்ளதை வாங்குங்கள். அந்த லேபிளைப் போனில் ஸ்கேன் செய்து அசல்தானா என்று பார்க்கலாம். டிவியில் 'எச்டிஎம்ஐ 2.1' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அதன் பல வசதிகள் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. '4கே 120 ஹெர்ட்ஸ் எந்த போர்ட்டில் வரும்?' என்று நேராகக் கேளுங்கள்.

கேள்வி: பிடித்த படங்களை ஆன்லைனில் 'வாங்கு' பட்டனை அழுத்தி வாங்கி வைத்திருக்கிறேன். அவை எனக்குச் சொந்தம்தானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் வாங்கியது பார்ப்பதற்கான உரிமம். நிறுவனத்துக்கும் படத்தின் உரிமையாளருக்கும் ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் பட்டியலிலிருந்து படம் மறையலாம். மைக்ரோசாஃப்ட் 2019-ல் மின்புத்தகக் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்களும் போயின. பணம் திரும்பக் கொடுத்தார்கள் என்பது உண்மை, ஆனால் புத்தகம் போனது போனதுதான். கலிஃபோர்னியாவில் 2025 முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், விற்பது வெறும் உரிமம் என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் இப்படி 'வாங்கு' என்று விற்பதைத் தடுக்கிறது. ஒருமுறை பார்க்கிற படத்துக்கு வாடகை போதும். திரும்பத் திரும்பப் பார்க்கிற படத்தை, கிடைத்தால், டிஸ்க்காக வாங்கி வையுங்கள். 4கே டிஸ்க்கில் தரவு வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் பாயலாம். 4கே-க்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகமே 15 மெகாபிட்தான். புகையும் மழையும் நிறைந்த காட்சிகளில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேள்வி: டிவியின் படம் நன்றாக இருக்கிறது. ஆப் திறக்கத்தான் நேரமாகிறது, சில ஆப்கள் அப்டேட்டும் ஆவதில்லை. புது டிவி வாங்கும் நேரம் வந்துவிட்டதா?

பதில்: வரவில்லை. ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகுங்கள், திரை இன்னும் பல வருஷம் உழைக்கும். பெயர் தெரியாத மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளை மட்டும் தவிருங்கள். 'வைட்வைன் எல்1' என்ற பாதுகாப்புச் சான்று இல்லாத பெட்டியில், 4கே சந்தா கட்டியிருந்தாலும் பல தளங்கள் பழைய டிவிடி அளவிலான 480பி தரத்தில்தான் படம் தரும். வாங்குவதற்கு முன் இந்தச் சான்றும் நீங்கள் பார்க்கிற தளங்களின் அங்கீகாரமும் அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.