நாள் குறித்துவிட்ட அப்பாயியைப் பார்க்கப் போகலாமா?

பாபநாசம் பக்கத்திலிருந்து படிப்புக்காக விண்ட்சருக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், டொராண்டோவில் அத்தை வீட்டில் இருக்கும் உங்கள் அப்பாயி கணையப் புற்றுநோய் முற்றி, மருத்துவ உதவியுடன் இறப்பதற்கு நாள் குறித்திருக்கிறார் என்ற செய்தி உங்களுக்கு வந்திருக்கிறது. தாத்தா இறந்த பிறகு நடந்த பாகப்பிரிவினையில் அவர் அத்தை பக்கம் நின்றதற்காக நீங்கள் கடுமையாகப் பேசியதையும், அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனதையும், "அது தற்கொலை, அந்தப் பாவத்தில் நீ பங்கெடுக்காதே" என்று ஊரிலிருந்து அப்பா தடுப்பதையும் எழுதி, போகலாமா, போனால் சட்டச் சிக்கல் வருமா, போய் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஒன்டாரியோவில் வெகுகாலமாக வாழ்கிறவள் நான்; என் மாமியாரும் இதே வழியில்தான் போனார். போங்கள், இந்த வாரமே போங்கள் என்பதே என் பதில்.

சட்டத்தைப் பற்றிய பயம் முதலில் தீரட்டும். கனடா உச்ச நீதிமன்றம் 2015 பிப்ரவரியில் தந்த தீர்ப்பையடுத்து 2016 ஜூனில் இதற்கான சட்டம் வந்தது. 2021 மார்ச்சில் அது திருத்தப்பட்டது. கேட்பவர் 18 வயது நிரம்பியவராகவும், இந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு உரியவராகவும், தீர்க்க முடியாத கடும் நோயால் துன்பப்படுகிறவராகவும் இருக்க வேண்டும். தன் விருப்பத்தை ஒரு சாட்சியின் முன் எழுத்தில் தர வேண்டும். ஒருவரையொருவர் சாராத இரண்டு மருத்துவர்கள், அல்லது அதற்குரிய தகுதி பெற்ற செவிலியர்கள், தனித்தனியே அவரைப் பார்த்து ஒப்ப வேண்டும். அவருடைய சொத்தில் பயன் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்க முடியாது. அத்தையின் மேல் அப்பாவுக்கு இருக்கும் சந்தேகத்துக்காக இதைச் சொல்கிறேன். குடும்பத்தார் அவருக்காகக் கேட்கவும் முடியாது, அவரைத் தடுக்கவும் முடியாது. உடனிருப்பது குற்றமில்லை. ஒன்டாரியோவில் இறப்புப் பதிவில் நோய்தான் காரணமாக எழுதப்படும்.

என் மாமியாரை மதிப்பிட வந்த மருத்துவர், என் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். மகனுக்குப் பாரமாக இருக்கிறோம் என்பதற்காகக் கேட்கிறாரா, வலிநிவாரண மருத்துவம் பற்றி அவருக்குத் தெரியுமா என்பதையெல்லாம் விசாரித்த பிறகுதான் கையெழுத்திட்டார். "எழுபது வருஷத்தில் என்னை மட்டும் தனியாக உட்கார வைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்" என்று மாமியார் அன்று சொன்னார்.

அவருக்கும் என் மகளுக்கும் இருந்த பகையைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது உங்களுக்குப் பிடிபடும். என் மாமனார் மூளையில் இரத்தம் கசிந்து தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். இங்கே செவிலியர் படிப்பில் இருந்த மகள், அறிக்கைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, இனி நினைவு திரும்பாது, குழாய்களை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று தொலைபேசியில் சொன்னாள். அப்படியே செய்தார்கள்; கூடத்தில் கிடத்திய சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. "என் தாலியை அறுத்தவள் அவள்" என்றார் மாமியார். அவள் அன்று கேட்டதைத்தான் 2018 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் கண்ணியமாக இறக்கும் உரிமையின் பகுதி என்று ஏற்று, 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கியது. தீர்ப்பைப் பார்த்து மாறுகிற கோபமா அது? பின்னாளில் மாமியார் எங்களிடமே வந்து குடியேறியபோதும், மகள் வாசலில் காலெடுத்து வைத்தால் அவர் எழுந்து அறைக்குள் போய்விடுவார்.

பிறகு அவருக்கு ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் வந்தது. கையும் காலும் ஓய்ந்து, விழுங்குவதும் பேசுவதும் கடினமாகி, மூச்சுக்கும் கருவி தேவைப்படும் நிலை நெருங்கியபோது, அந்தக் கருவி வேண்டாம் என்று அவரே தீர்மானித்து நாள் குறித்தார். மகளுக்குச் செய்தி சொன்னோம். அவள் அந்த நாளுக்காகக் காத்திராமல் விடுப்பெடுத்துக்கொண்டு முன்னதாகவே வந்துவிட்டாள். முதல் சில நாட்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நீராகாரம் புரையேறாதபடி அதில் கெட்டியாக்கும் பொடியைக் கலந்து கரண்டியால் புகட்டுவாள், தலை வாரிவிடுவாள், இரவில் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறப்பார்.

ஒரு நாள் காலையில், குழறிப்போன பேச்சில், "அன்னிக்கு அவருக்கு வலிச்சிருக்குமாடி?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுக் கோபத்துக்கும் அடியில் இருந்தது இந்தக் கேள்விதான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. வலித்திருக்காது என்று உறுதி சொல்லி ஆறுதல்படுத்த எவருக்கும் தோன்றும். மகள் அதைச் செய்யவில்லை. மூளையின் எந்தப் பகுதி அழிந்திருந்தது, குழாயை எடுத்தபோது உடம்பில் என்ன நடந்திருக்கும், வலியை உணரும் நிலையில் அவர் இருந்திருப்பார் என்று தான் நம்பாததற்கு என்ன காரணம் என்று, படித்ததையெல்லாம் நம் ஊர்ப் பேச்சில் பொறுமையாகச் சொன்னாள். நேரில் பார்க்காததால் முழு உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னாள். மாமியார் நெடுநேரம் அழுதார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. அந்த நாளில் ஊசிக்குழாய் ஒரு கையில் ஏறும்போது மறுகையைப் பேத்திதான் பிடித்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அப்படியே நடந்தது. முதல் மருந்தில் தூங்கிப்போனார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமானதைச் சொல்கிறேன். கடைசி நிமிடத்திலும்கூட அப்பாயி தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. இதைத் தெரிந்துகொண்டதும், நான் வந்துவிட்டேன், இனியாவது இதை விட்டுவிடுங்கள் என்று கேட்க உங்களுக்கு நா துடிக்கும். அதைக் கேட்காதீர்கள். உங்கள் பாசத்துக்கு அவருடைய வலியை விலையாக வைப்பதாகிவிடும் அது. அவர் மறுத்தால் பழைய பகைக்கு மேல் புதிய பகை ஒன்றும் சேரும். உங்களுக்கு இந்த முடிவில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். அவர் கேட்டால் அதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் சமாதானமும் சம்மதமும் வேறு வேறு. என் கணவர் கடைசி வரை இதற்குச் சம்மதிக்கவே இல்லை. அம்மாவின் பக்கத்தை விட்டு நகரவும் இல்லை.

அப்பாவின் பேச்சை நான் இலேசாக எண்ணவில்லை. தென் மாவட்டங்களின் தலைக்கூத்தலைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி முதியவரை முடித்துவிடும் அந்தக் கொடுமையில் முடிவெடுப்பது குடும்பம். இங்கே குடும்பத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று அவருக்கு விளக்குங்கள். நம் மண்ணில் இல்லாத வழக்கம் என்கிறார் அவர். உறையூர்க் கோப்பெருஞ்சோழன் தான் பெற்ற பிள்ளைகளோடு பகைத்துப் போருக்கு எழுந்து, புலவர் ஒருவர் தடுத்த பிறகு, வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட்டதைப் புறநானூறு பாடுகிறது. அவன் நோயாளி அல்லன் என்பதால் இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாடல்களைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்தும்: பாண்டிய நாட்டிலிருந்து, அவன் நேரில் பார்த்தேயிராத நண்பரான புலவர் பிசிராந்தையார் வந்து சேர்கிறார், பெற்ற பிள்ளைகள் வந்ததாக ஒரு வரியும் இல்லை. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பகையாளியும் மாலையோடு வந்து நிற்பான், படுத்திருப்பவருக்குத்தான் அது தெரியாது. உங்களுக்கு உயிரோடு இருக்கும்போதே போக வாய்த்திருக்கிறது.

குறித்த நாளை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். இறப்பு நெருங்கிவிட்ட நோயாளிகளுக்கு இப்போது கட்டாயக் காத்திருப்புக் காலம் இல்லை. வலி கூடினாலோ, நினைவு தப்பிவிடும் என்ற அச்சம் வந்தாலோ நாளை முன்னால் கொண்டுவருவார்கள். என் மாமியாருக்கும் மார்புச் சளி கட்டியதால் அப்படித்தான் முன்னால் நகர்ந்தது. விண்ட்சரிலிருந்து டொராண்டோவுக்கு ரயிலில் நான்கு மணி நேரப் பயணம்தான். அத்தையை முதலில் அழைத்து, அப்பாயி எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார் என்று கேளுங்கள். வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்கள் பகலில் பாதி நேரம் அயர்ந்துவிடுவார்கள், அந்தத் தெளிவான நேரத்தில் வீட்டில் கூட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாகப்பிரிவினையை நீங்களாக எடுக்க வேண்டாம். அவர் எடுத்தால், அன்று பேசிய சொல்லுக்காக மட்டும் வருத்தம் தெரிவியுங்கள், நிலம் யாருக்கு நியாயம் என்ற வழக்கை அவரோடு நடத்தாதீர்கள்.

இரண்டு மூன்று நாட்கள் தங்கிய பிறகு அப்பாவை வீடியோவில் அழையுங்கள். இப்போது பனிக்காலக் கணக்கில் இங்கே காலை பத்து மணி என்றால் ஊரில் இரவு எட்டரை, அவர் வீட்டில் இருக்கும் நேரம். அவர் பேச மறுத்தால், பேச வேண்டாம், தொலைபேசியை வைக்காமல் மட்டும் இருங்கள் என்று கேட்டுக்கொண்டு அதை அப்பாயியின் கையில் கொடுங்கள்.