அடுக்களை உவமையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் கற்பிக்கும் அனுமானத்தை, அதாவது கண்டதைக்கொண்டு காணாததைத் துணியும் முறையை, படித்தேன். மலை நெருப்புடையது (பக்கம்: நிறுவ வேண்டிய கூற்று), புகையுடைமையால் (ஏது: காரணம்), அடுக்களைபோல் (திட்டாந்தம்: எடுத்துக்காட்டு), மலையும் புகையுடையது (உபநயம்: எடுத்துக்காட்டைப் பொருத்துதல்), புகையுடையது நெருப்புடையதே (நிகமனம்: முடிவு) என ஐந்து உறுப்புகள். ஏதுவும் உபநயமும் ஒன்றையே சொல்கின்றன. அடுக்களை வெறும் உவமையாகப் படுகிறது. ஒரு கூற்று வாதத்தில் என்ன வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டறிவது?

ர.

அன்புள்ள ர.,

எதிரே இருப்பவர் எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தக் கூற்று விடையாகும் என்று பாருங்கள். “எதனால் நெருப்பு என்கிறீர்?” என்பதற்கு விடை புகை, அது ஏது. “புகை இருந்தால் நெருப்பு இருந்தாக வேண்டுமா?” என்றால் அடுக்களை வருகிறது. “அடுக்களையில் கண்டது இந்த மலைக்கு எப்படிப் பொருந்தும்?” என்று கேட்ட பிறகு சொல்லப்படும் “மலையும் புகையுடையது” என்பது உபநயம், அதிலுள்ள உம்மை அடுக்களையைத் தழுவி நிற்கிறது. செய்தி ஒன்றே ஆனாலும் பணி வேறு. உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துக்குள் அடங்கிவிடும் என்று அடிகளே சொல்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அடங்குவதால் அந்த வேலை இல்லாமல் போவதில்லை, கேட்பவர் அதைத் தாமே செய்துகொள்கிறார்.

அடுக்களையை உவமை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முகத்துக்கு நிலவை உவமை சொன்னால், அதை மறுப்பதால் எதுவும் இடிந்துவிடாது. இங்கோ, நெருப்பே இல்லாமல் புகையும் அடுக்களை ஒன்றை எதிராளி காட்டிவிட்டால், புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பே அறுந்து வாதம் விழுந்துவிடும். வாதி, பிரதிவாதி இருவரும் மறுக்காத இடம் என்பதால்தான் அடுக்களை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. நெருப்பில்லாதது எதுவோ அதில் புகையும் இல்லை, நீரைப்போல் என்று மறுதலையாகவும் ஒரு திட்டாந்தத்தை அடிகள் சேர்ப்பது அதே தொடர்பை மறுபுறத்திலிருந்து உறுதிசெய்யத்தான்.

கூற்றின் பணியை அறிந்துகொள்வதன் பயன் மறுக்கும்போதுதான் தெரியும். தெரிவது ஆவியோ பனியோ என்று ஐயம் இருக்கும்போதே அதைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவதை ஏதுவின் குற்றமாக, சித்தாசித்தம் என்று, அதே காதை வகைப்படுத்துகிறது. அந்த நிலையில் அடுக்களையைப் பற்றி எத்தனை நாழிகை வாதாடினாலும் பயனில்லை. மலைமேல் தெரிவது என்ன என்றுதான் கேட்க வேண்டும்.