பம்பை மாற்றும் முன் ஆயிலை மாற்றுங்கள்

கேள்வி: ஏ.சி. சர்வீஸ் செய்கிறேன். லைனில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் என் டூ ஸ்டேஜ் வாக்குவம் பம்ப் முன்பெல்லாம் 500 மைக்ரானுக்குக் (வாக்குவத்தை அளக்கும் அலகு, எண் குறையக் குறைய வாக்குவம் நல்லது) கீழே சுலபமாக இறங்கும், இப்போது எவ்வளவு நேரம் ஓட்டினாலும் 1,500-லேயே நிற்கிறது. ஆனால் லைன் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்டு கேஜில் முள் மைனஸ் 30 இஞ்சைத் தொட்டுவிடுகிறது. உள்ளே சுழலும் தகடான வேன் தேய்ந்திருக்கும், புது பம்ப் வாங்கிவிடு என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்பட்டுக் காசைப் போடாதீர்கள். முதலில் சைட் கிளாஸை, அதாவது பம்பில் ஆயில் தெரியும் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் தெளிவாக இல்லாமல் மோர் மாதிரி வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. வேனுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைப்பதே அந்த ஆயில்தான். அதில் இருக்கும் ஈரம் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகிக்கொண்டே இருக்கும்போது, பம்ப் தன் ஆவியைத் தானே இழுத்துக்கொண்டிருக்கும், அப்புறம் எங்கே கீழே இறங்குவது?

மேனிஃபோல்டு முள்ளை இதற்கு நம்பாதீர்கள். அந்த டயலில் ஒரு இஞ்ச் (பாதரச அளவு) என்பது சுமார் 25,400 மைக்ரான். 1,500-க்கும் 500-க்கும் உள்ள வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும்.

பம்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் ட்ரெயின் பிளக்கைத் திறந்து, பம்பைச் சாய்த்து முழுக்க வடியவிடுங்கள். புது ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டினால் அதுவும் வெளுக்கும், அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். கம்ப்ரஸர் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றவே கூடாது, வாக்குவம் பம்ப் ஆயில் மட்டும்தான். பிறகு ஹோஸ் எதுவும் இல்லாமல் மைக்ரான் கேஜை நேராகப் பம்பின் வாயிலேயே மாட்டி ஓட்டுங்கள். 100-க்குக் கீழே போனால் பம்ப் நன்றாகவே இருக்கிறது, ஹோஸின் ரப்பர் வாஷரையும் ஃப்ளேர் நட்டையும் தேடுங்கள். புது ஆயிலிலும் இறங்கவில்லை என்றால்தான் வேனையும் சீலையும் சந்தேகப்பட வேண்டும்.

ஈரமான லைனில் வேலை செய்யும்போது ஆரம்பத்தில் கேஸ் பேலஸ்டை (பம்புக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை விடும் சிறு வால்வு) திறந்து வையுங்கள், நீராவி ஆயிலில் தங்காமல் வெளியே போய்விடும். நன்றாக இறங்கியதும் மூடிவிடுங்கள். பம்பை எடுத்து வைக்கும்போது வாயை மூடி வைப்பதும் முக்கியம், நம் மழைக்காலக் காற்றே ஆயிலைக் கெடுக்கப் போதும். ஒவ்வொரு பெரிய வேலைக்குப் பிறகும் ஆயில் மாற்றுவதைச் செலவாக நினைக்காதீர்கள், புது பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கேள்வி: கரண்ட் போனால் பம்ப் ஆயில் லைனுக்குள் ஏறிவிடுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பின்வாங்காமல் தடுக்கும் வால்வு இல்லாத பம்ப் என்றால் ஏறும். லைனில் வாக்குவம் இருக்கிறது, பம்ப் நின்றதும் வெளிக்காற்று ஆயிலையும் சேர்த்து உள்ளே தள்ளும். பம்ப் வாயில் ஒரு பால் வால்வு போட்டுக்கொள்ளுங்கள், நிறுத்தும் முன் அதை மூடும் பழக்கம் வரட்டும். கரண்ட் திடீரென்று போனாலும் முதலில் கை போக வேண்டியது அந்த வால்வுக்குத்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: லைனில் மிச்சமிருக்கும் ஆர்32, ஆர்290 போன்ற குளிரூட்டும் கேஸை வாக்குவம் பம்பால் இழுக்கவே வேண்டாம். இரண்டும் தீப்பற்றக்கூடியவை, மோட்டார் சுவிட்சில் விழும் ஒரு பொறி போதும். கேஸைத் திரும்ப எடுக்கும் ரெக்கவரி மெஷினும் அந்த கேஸுக்கு ஏற்றதா என்று பார்த்தே பயன்படுத்துங்கள்.