விடுப்பு முடிந்த பத்தாம் நாளே பழைய சோர்வு: வங்கி அதிகாரி ஒருவருக்குப் பதில்

கேள்வி: பொதுத்துறை வங்கிக் கிளை ஒன்றில் அதிகாரியாகப் பணிபுரிகிறேன்; வயது 39. நகைக்கடனும் வாடிக்கையாளர் சேவையும் என் பொறுப்பு; காப்பீட்டு பாலிசி விற்பனைக்கும் டார்கெட் உண்டு. மாலையில் வீடு திரும்பினால் பிள்ளைகளிடம் பேசக்கூடத் தெம்பு இருப்பதில்லை. இரவு பத்து மணிக்கும் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் வருகின்றன. பென்ஷன் வாங்க வரும் பெரியவர்களிடம் முன்பெல்லாம் நின்று பேசுவேன். இப்போது அவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. மே மாதம் ஒரு வாரம் விடுப்பில் சென்றபோது நன்றாகத்தான் இருந்தேன். திரும்பிய பத்தாம் நாளே பழைய நிலை. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டுப் பட்டியல், பணிச்சோர்வை ஒரு நோயாகக் கருதாமல் வேலையோடு தொடர்புடைய நிலையாகவே வரையறுத்து, அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையின்மீது விலகலும் கசப்பும் தோன்றுதல், தன் திறமை குறைந்துவிட்டதாக உணர்தல். முதல் இரண்டும் உங்கள் கடிதத்தில் தெளிவாக உள்ளன. களைப்பைவிட, பெரியவர்களிடம் வரும் அந்த எரிச்சலைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்வேன்.

விடுப்பின் பலன் நிலைக்காததற்கு உங்கள் மீது குறை காண வேண்டாம். மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் ஆகிய ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையில் குறைந்த சோர்வு, வேலைக்குத் திரும்பிய மூன்றே வாரத்தில் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. இழந்த சக்தியை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக ஈடுசெய்ய இயலாது. அது அன்றன்றைக்கு மீள வேண்டும். அதற்கு உடல் வீட்டுக்கு வந்தால் மட்டும் போதாது, மனமும் கிளையை விட்டு வெளியே வர வேண்டும். இதில் ரிசர்வ் வங்கியின் கட்டாய விடுப்பு விதியை நினைத்துப் பாருங்கள். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுதோறும் தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள், முன்னறிவிப்பின்றி விடுப்பில் அனுப்ப வேண்டும் என்றும், அந்நாட்களில் பொதுவான அலுவலக மின்னஞ்சலைத் தவிர வேலை சார்ந்த எதையும் அவர்கள் அணுகக்கூடாது என்றும் அது சொல்கிறது. மோசடியைக் கண்டுபிடிப்பதற்காக வகுத்த விதிதான். ஆனால் ஓய்வு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஊழியர் நலச் சுற்றறிக்கைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

வேலையிலிருந்து அப்படி முழுதாக விடுபடும் ஓய்வில் ஒரு சிறு பங்கையாவது தினமும் பெற முயலுங்கள். கிளையை விட்டுக் கிளம்பும் முன், முடியாமல் நிற்கும் வேலைகளையும், ஒவ்வொன்றிலும் நாளைக் காலை முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதையும் ஒரு தாளில் எழுதி மேசையிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த அடி தெரியாமல் பாதியில் நிற்கும் வேலைதான் இரவெல்லாம் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுவது நடைமுறையில் இயலாது. ஆனால் அதன் ஒலியை அணைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பதாகவும், அவசரமென்றால் தொலைபேசியில் அழைக்கும்படியும் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்படிச் சொன்ன பிறகு வரும் அழைப்புகள் பெரும்பாலும் மிகச் சிலவே. மாலைக் காபியையும் சற்று முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்குக் குடித்த காபியின் காஃபினில் ஏறத்தாழ பாதி இரவு ஒன்பது மணிக்கும் உடலில் இருக்கும்.

இனி, பகலில் சக்தி எங்கே போகிறது என்று பார்ப்போம். எடை, தரம், பாக்கெட், முத்திரை, இருவர் பொறுப்பில் உள்ள பெட்டகம் என்று ஒவ்வொரு படியிலும் கவனத்தைக் கேட்கும் வேலை நகைக்கடன். அதன் நடுவிலேயே ஒருவர் பாஸ்புக்கை நீட்டுவார், இன்னொருவர் கேஒய்சி படிவத்தோடு நிற்பார். ஒவ்வொரு குறுக்கீட்டுக்குப் பிறகும் விட்ட இடத்தைப் பிடிக்க மூளை மீண்டும் உழைக்க வேண்டியிருப்பதால், வேலையின் அளவு கூடாமலே களைப்பு கூடுகிறது. கேஒய்சி, நாமினி மாற்றம் போன்றவற்றைப் பிற்பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒதுக்கி, அதைக் கவுன்டரில் எழுதி ஒட்ட அனுமதி கேளுங்கள். மதிய உணவை உங்கள் இருக்கையில் அமர்ந்து உண்ணாதீர்கள். இருக்கையில் ஆள் இருந்தால், சாப்பிடுகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

எரிச்சலுக்கு வருகிறேன். பணிச்சோர்வை நீண்டகாலம் ஆய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், வேலைப்பளுவோடு, நம் மதிப்பீடுகளுக்கும் செய்யும் வேலைக்கும் உள்ள முரணையும் அதன் காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கிறார். முன்பு அந்தப் பெரியவர் உங்களுக்கு ஒரு மனிதர். இன்று அவரைப் பார்த்ததும் பாலிசி எண்ணிக்கை நினைவுக்கு வருகிறது. அவருக்கு அது தேவையில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த இக்கட்டுதான் அவர்மீதான எரிச்சலாக வெளிப்படுகிறது என்று நினைக்கிறேன். பென்ஷன்தாரர்களிடம் பாலிசி பேசுவதில்லை என்று நீங்களாகவே ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, இளம் சம்பளதாரர்களிடமும், சார்ந்திருக்கும் குடும்பம் உள்ள கடன்தாரர்களிடமும் மட்டும் பேசுங்கள். எண்ணிக்கை சற்றுக் குறையலாம்; அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கிளையில் இரண்டு பணியிடம் காலியாக இருந்தால் எந்தப் பிராணாயாமமும் அதை நிரப்பாது. இரண்டு வாரம், எந்த நேரத்தில் எத்தனை பேர், எத்தனை குறுக்கீடுகள் என்று குறித்துக்கொண்டு மேலாளரிடம் பேசுங்கள். களைப்பாக இருக்கிறது என்றால் அனுதாபம்தான் கிடைக்கும்; கணக்கைக் காட்டினால் வேலைப் பங்கீட்டைப் பற்றிப் பேச்சு தொடங்கும். அதிகாரிகள் சங்கத்திடமும் அதே தாளைக் கொடுக்கலாம்.

இதற்கிடையே தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இவற்றின் குறைபாடும் இதே களைப்பைத் தரும். விடுப்பில் நன்றாக இருந்ததாக எழுதியிருப்பதால் மனச்சோர்வு நோயாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் எதிலுமே மகிழ்ச்சி இல்லாமல் போனாலோ, தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

வேலையை விடும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். இம்மாற்றங்களை ஆறு வாரம் கடைப்பிடித்தும் எரிச்சல் குறையவில்லை என்றால், முதலில் கிளைக்குள்ளேயே பிரிவு மாற்றம் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், அடுத்த இடமாறுதல் காலத்தில் விற்பனை டார்கெட் இல்லாத நிர்வாக அலுவலகப் பணிக்கு விண்ணப்பியுங்கள். ராஜினாமாவைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.