சேதாரத்தில் மிஞ்சும் வெள்ளி யாருக்கு?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். முதலாளி நிறுத்துக் கொடுக்கும் வெள்ளியில் கிலோவுக்கு 20 கிராம் சேதாரம் கழித்துக்கொள்வார். பார்த்துச் செய்தால் எனக்கு 12 கிராம்தான் போகிறது. மீதியை டப்பாவில் சேர்த்து விற்பது எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் வழக்கம், நானும் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்குப் போகும்போது மனது உறுத்துகிறது. இது திருட்டா? சில நேரம் 65 டச் (நூற்றுக்கு 65 பங்கு சுத்த வெள்ளி) கொலுசில் 80 என்று முத்திரை அடிக்கவும் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம்.

பதில்: தம்பி, மிச்ச வெள்ளியைப் பற்றி விவரமாக எழுதிவிட்டு, முத்திரையை ‘சில நேரம்’ என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. இருக்கட்டும், நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

உருக்கும்போதும் அரம் போடும்போதும் மெருகு போடும்போதும் கொஞ்சம் வெள்ளி போகத்தான் செய்யும். அதற்குத்தான் சேதாரம். கணக்கைவிடக் குறைவாகப் போனால் மிஞ்சுவது யாருக்கு என்பது, உங்களுக்கும் முதலாளிக்கும் என்ன பேச்சு என்பதைப் பொறுத்தது. “மிச்சம் பிடிச்சா உனக்கு” என்று அவரே சொல்லியிருந்தால் அது கூலியில் ஒரு பங்கு, நிம்மதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமல் டப்பா நிறைகிறது என்றால் அது அவருடைய வெள்ளி. பட்டறையில் எல்லோரும் எடுப்பதால் அவர் சம்மதித்ததாக ஆகிவிடாது. ஆகவே முதலில் அவரிடமே கேளுங்கள்: “அண்ணா, சேதாரத்துல மிஞ்சறது எனக்கா, உங்களுக்கா?” இதைக் கேட்க வாய் வரவில்லை என்றால், பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம்.

‘சின்ன விஷயம்தானே’ என்றும் தோன்றும். 2019 தொடக்கத்தில் கிராம் 50 ரூபாய்க்குள் இருந்தபோது அந்த 8 கிராம் 400 ரூபாய்க்குள் அடங்கியது. 2025-ல் கிராம் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. டப்பா அதே டப்பாதான்.

வெள்ளியைப் புடம்போடுகிற பிரசங்கத்தை நீங்கள் வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். உங்களுக்கு உதவக்கூடியவன் யோசேப்பு. போத்திபார் வீட்டில் அடிமையாக இருந்து, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் பார்த்தவன். ஆதியாகமம் 39-ல் அந்த எஜமானின் மனைவி தன்னோடு படுக்கக் கூப்பிட்டபோது, எஜமான் தன் கையில் எதையெல்லாம் ஒப்படைத்திருக்கிறார், எதை ஒப்படைக்கவில்லை என்று அவன் தெளிவாகச் சொல்கிறான். எல்லை எது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வெள்ளித் தூளைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் பேச உட்கார்ந்தால் தீர்ப்பு நம் பக்கம்தான் வரும். யோசுவா 7-ல் ஆகான், எரிகோவில் தொடக் கூடாது என்று சொல்லியிருந்த பொருள்களிலிருந்து எடுத்தது 200 சேக்கல் வெள்ளி. சேக்கலுக்குச் சுமார் 11 கிராம் என்றால் இரண்டு கிலோவுக்கு மேல். அவனே சொல்கிற வரிசையைப் பாருங்கள்: கண்டான், ஆசைப்பட்டான், எடுத்தான், கூடாரத்துக்குள் மண்ணில் புதைத்தான். உங்கள் டப்பா எந்த இடத்தில் இருக்கிறது?

டப்பாவையே ஒழித்துவிடுங்கள். சனிக்கிழமை கூலி வரைக்கும் தூள் உங்களிடம் இருந்தால் அந்த வாரம் முழுக்கப் போராட்டம்தான். அன்றன்றைக்கு விழுந்ததை அன்று சாயந்திரமே தராசில் வைத்து, நோட்டில் எழுதி, கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். காலையில் பரமண்டல ஜெபத்தில் ‘சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று சொல்லிவிட்டு, மத்தியானம் டப்பாவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டால் எப்படி?

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் 8 கிராம் திருப்பிக் கொடுத்தால் முதலாளி எல்லோருக்கும் சேதாரத்தைக் குறைக்கப் பார்ப்பார். கூட உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் வயிற்றெரிச்சல் படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் குறைந்த கூலியை அந்த மிச்சத்தில்தான் சரிக்கட்டுகிறார்கள். அதனால் அவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய டப்பாவைப் பற்றி நீங்கள் முதலாளியிடம் வாய் திறக்க வேண்டாம். அவர்களுக்குப் பிரசங்கமும் வேண்டாம். கூலியைக் கூட்டிக் கேட்கப் போனால் நீங்களும் கூடப் போங்கள்.

பழையதைத் திருப்ப வேண்டுமா என்றால், முதலாளி தன்னுடையது என்று சொன்னால் வேண்டும். லேவியராகமம் 6 சொல்வது முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும். வரி வசூலித்த சகேயு இயேசுவிடம் நாலு மடங்கு என்றது அவனாகவே சொன்னது. வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி முத்திரை. 100 கிராம் கொலுசில் 80 டச் என்றால் 80 கிராம் சுத்த வெள்ளி இருக்க வேண்டும். உங்கள் கொலுசில் இருப்பது 65. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட அதை விற்கப் போகிற அம்மாவுக்குத்தான் அந்த 15 கிராம் குறையும். பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகல் வைத்திருக்காதே என்று உபாகமம் 25 சொல்வது இதைத்தான். சேதாரத்தையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதில் கேட்க ஒன்றுமில்லை, அடிக்கக் கூடாது.

மறுப்பதைச் சண்டையாக்க வேண்டாம். தானியேல் முதல் அதிகாரத்தில் ராஜாவின் உணவை மறுத்தபோது மேசையைக் கவிழ்க்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டான். நீங்களும் தனியாக இருக்கும்போது, “அண்ணா, முத்திரை வேலை மட்டும் வேற யாருக்காவது குடுங்க, மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளலாம், வேலையை விட்டு நிறுத்தவும் செய்யலாம்; நிறுத்த மாட்டார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அதனால் கேட்பதற்கு முந்தின ராத்திரியே வீட்டில் சொல்லிவிடுங்கள். சிவதாபுரம், பனங்காடு பக்கம் ஆள் தேடுகிற பட்டறை இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். கிலோவுக்கு 12 கிராமில் வேலையை முடிக்கிறவர் என்று அங்கே சொல்லலாம்.